சுங்கை வேயில் வரைந்த நிலா

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. ஓவியங்களை மதிப்பிடும் வேலை என்றால், "ஓ, ஆர்ட்டிஸ்டா?" என்பார்கள். அதிலும் விண்வெளி ஓவியங்கள் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் பேச்சே நின்றுவிடும். கோலாலம்பூரில் இப்படி ஒரு வேலையா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். இருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதில் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். இப்போதெல்லாம் யாரும் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லையாம். கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் போதுமாம். இவர்கள் திரையில் பார்த்தே அறிக்கை எழுதிவிடுவார்களாம். "ஆன்டி, உங்க காலத்துல எப்பிடி செஞ்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், புதுசா வரவங்களுக்குக் காட்டுறோம்" என்றார்கள். அவர்கள் கேட்டது நடைமுறைக் குறிப்பு. எழுத உட்கார்ந்தால் எனக்கு மனிதர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பள்ளி முடித்து, தட்டச்சு படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காப்புறுதிக்காகவும் உயிலுக்காகவும் வீட்டுச் சாமான், நகை, நாற்காலி, பியானோ என்று எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் நிறுவனம் அது. படங்களுக்கு ஒரே ஓர் ஆள்தான். நல்லையா சார்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். முன்பு நில அளவைத் துறையில் வரைபடக்காரராக இருந்தவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பென்சில். படத்தின் பக்கத்தில் பேனா வரக்கூடாது என்பது அவர் சட்டம். என்னை "பிள்ளை" என்பார், ஆனால் "நீர்" போட்டுத்தான் பேசுவார். வீட்டில் எல்லாரும் வாடி போடி என்று கூப்பிட்ட எனக்கு அந்த "நீர்" ஒரு பதவி உயர்வு போல இருந்தது.

எந்தப் படம் வந்தாலும் மேசைமேல் முகத்தைக் கீழே போட்டுத்தான் வைப்பார். படச்சட்டத்தின் ஆணி துருவா, புதுசா. பலகை எந்த ஊர் மரம். காகிதம் ஒட்டியிருந்தால் அது எத்தனையாவது காகிதம். கரையான் தின்ற வழி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது. எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் திருப்புவார்.

"முகம் ஆசை காட்டும், பிள்ளை. அதைப் பார்த்திட்டு முதுகைப் பார்த்தால், முதுகும் நீர் நினைச்சதைத்தான் சொல்லும்."

திருப்பியபின் சன்னலை மூடி, டார்ச் விளக்கைப் படத்தின் ஓரத்தில் சாய்த்துப் பிடிப்பார். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு தூரிகைத் தடமும் வரப்பு போல எழுந்து நிற்கும். பிறகு பூதக்கண்ணாடி. பிறகு அளவு: முதலில் உயரம், அடுத்தது அகலம், மாற்றி எழுதினால் பக்கத்தையே கிழிக்கச் சொல்வார். இதெல்லாம் கற்க எனக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. அதற்குள் டைப்ரைட்டரை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள்.

விண்வெளி எங்கள் மேசைக்கு வந்தது தற்செயலாகத்தான். மனிதன் நிலவில் இறங்கிய காலம் அது. தூதரகங்களில் வேலை பார்த்தவர்களும் தோட்டத்துத் துரைமார்களும் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானோடு நிலவுப் படங்களையும் விற்றுவிட்டுப் போனார்கள். பத்திரிகைகளுக்காக வரைந்த மூல ஓவியங்கள், சோவியத் சுவரொட்டிகள், கண்காட்சிப் பலகைகள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். இந்த ஊரில் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் யாருமில்லை. நல்லையா சார் கடல் வழியாகப் புத்தகங்கள் வரவழைத்துப் படித்தார். படித்ததை மத்தியானச் சோற்று நேரத்தில் எனக்குச் சொல்வார்.

நிலவில் காற்று கிடையாது. அதனால் நிழலின் ஓரம் கத்தி வெட்டியது போல இருக்கவேண்டும். பகலிலும் வானம் கறுப்புத்தான். மனிதன் போவதற்கு முன் வரைந்தவர்கள் நிலவின் மலைகளை ஊசி ஊசியாக வரைந்தார்கள்; போய்ப் பார்த்தபின்தான் அவை உருண்டைக் குன்றுகள் என்று தெரிந்தது. அதனால் மலையைப் பார்த்தே படத்தின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். முதன்முதலாக நானே ஒரு மலையைப் பார்த்து வயது சொன்ன அன்று, அவர் எனக்குத் தன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கு கொடுத்தார். பாராட்டு அவ்வளவுதான்.

பந்திங்கிலிருந்து ஒருவர் நிலவு மண் கலந்து வரைந்த படம் என்று பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தது நன்றாக நினைவிருக்கிறது. தொடக்கூட விடவில்லை. நல்லையா சார் அரைமணி நேரம் பூதக்கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, "ஐயா, இது உமிச்சாம்பல்" என்றார். வந்தவர் கோபப்படவில்லை. "அப்ப துணியை எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, சுற்றியிருந்த பட்டை மடித்துக்கொண்டு, படத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி சொல்லப்போவது அப்படிச் சிரித்துவிட்டுப் போன விஷயமல்ல.

கிள்ளானில் மகாலிங்கம் என்று ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருபது ஆண்டுகளாக விண்வெளிப் படங்கள் சேர்த்தவர். "நான் விக்கிறதே தூரத்தைப் பாக்கிற சாமான் லா, வேற எதைச் சேர்ப்பேன்?" என்பார். அவரிடம் நாற்பத்து மூன்று படங்கள் இருந்தன. அவற்றில் அவர் உயிர், கடையின் பின்சுவரில் இருந்த எட்டடிக்கு நாலடிப் பலகை ஓவியம். நிலவின் தரையில் இரண்டு விண்வெளி வீரர்கள். மேலே கறுப்பு வானத்தில் உள்ளங்கை அளவுக்குப் பூமி. கீழ்மூலையில் இரண்டு ஆங்கில எழுத்துகள். அமெரிக்க விண்வெளித் திட்டத்தோடு சேர்ந்து பணியாற்றிய ஓர் ஓவியரின் முதலெழுத்துகள் அவை. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்துபோன ஒரு கண்காட்சி முடிந்தபோது, சாமான்களை ஏலம் எடுத்த ஓர் ஒப்பந்தக்காரரிடமிருந்து மகாலிங்கம் அதை வாங்கியிருந்தார். சில ஆண்டுகள் கழித்து நல்லையா சார் வந்து பார்த்து, உண்மையானது என்று சான்றிதழும் கொடுத்திருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஓர் அறிவியல் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகாலிங்கம் தன் சேகரிப்பு முழுவதையும் அதற்கு நன்கொடையாகக் கொடுக்க முடிவு செய்தார். அந்தப் பெரிய படத்துக்காகவே நுழைவுக்கூடத்தில் ஒரு சுவர் ஒதுக்கினார்கள். காப்புறுதிக்காகப் புதிய மதிப்பீடு தேவைப்பட்டது. நல்லையா சார் ஓய்வு பெற்றிருந்தார். வேலை என்னிடம் வந்தது.

நாற்பத்திரண்டு படங்கள் பார்க்க நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் பெரியதன் முன்னால் நின்றேன். பித்தளைத் திருகாணிகளால் சுவரோடு சேர்த்து முடுக்கியிருந்தது.

"மிஸ் தனம், அதை மட்டும் கழட்ட வேணாம் லா. உங்க சாரே பாத்து சர்டிபிகேட் குடுத்துட்டாருல்ல?"

"கழட்டாம எழுத முடியாதுங்க, அங்கிள்."

முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தார். கடையில் இருந்ததெல்லாம் மூக்குக்கண்ணாடி முடுக்கும் ஊசி போன்ற திருப்புளிகள். பக்கத்துச் சைக்கிள் கடையில் பெரியது வாங்கிவந்து, நானும் அவரும் கடை ஆட்கள் இருவருமாகப் படத்தை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தோம். அவர் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கண் பரிசோதிக்க முன்பக்கம் போனார்.

பின்பக்கம் முழுவதும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஓரம் ஈரத்தில் தளர்ந்திருந்தது. மெல்ல உரித்தேன். முதலில் தெரிந்தது ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை: கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே, சுங்கை வேயில் இருந்த ஒரு பலகைக் கடை. அதற்குக் கொஞ்சம் மேலே பென்சிலில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறியின் பக்கத்தில் தமிழில் "மேல்" என்று எழுதியிருந்தது.

அமெரிக்காவில் வரைந்ததாக நாங்கள் நம்பிய படத்தின் முதுகில் தமிழ்.

பிறகு முன்பக்கம் வந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு அடியில் வார்னிஷ் இருந்தது. வார்னிஷ்மேல் தூசி படிந்திருந்தது. தூசிக்கு மேலே எழுத்து இருந்தது. படம் வரைந்து முடித்து, பல மாதம் எங்கோ நின்ற பிறகு யாரோ, ஒருவேளை அந்த ஒப்பந்தக்காரர், சேர்த்தது. கடைசியாகப் பூமியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேகங்கள் விலகிய இடத்தில் ஆப்பிரிக்காவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. நம் தீபகற்பம் இருந்தது, இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாக. பல வருடமாக ஆயிரம் பேர் அந்தக் கடைக்கு வந்து பார்த்த படம். யாருக்கும் கண்ணில் படவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்த எனக்கும்தான்.

"எல்லாம் ஓகே தானே, மிஸ்?" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும், அங்கிள்" என்றேன்.

மறுநாள் சுங்கை வே போனேன். பலகைக் கடைச் சீனர் முத்திரையின் புகைப்படத்தைப் பார்த்ததும் தன்னுடையதுதான் என்றார். அந்த அளவுப் பலகையை அந்தக் காலத்தில் வாங்கியது இரண்டு கடை தள்ளியிருந்த போட்டோ ஸ்டூடியோவாம். ஸ்டூடியோ மூடி வருடக்கணக்காகிவிட்டது. அங்கே படம் எடுக்க நிற்பவர்களுக்குப் பின்னால் தொங்கும் திரைகளை வரைந்துகொண்டிருந்த பெண் பின்வரிசை வீட்டில்தான் இருக்கிறார் என்று கையைக் காட்டினார்.

ரெஜினா அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்டு முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெரிய ஓவியத்தின் புகைப்படத்தை நீட்டினேன்.

"ஐயோ, இது இன்னும் இருக்கா? விறகாப் போயிருக்கும்னுல்ல நெனச்சேன்!"

"நீங்கதான் வரஞ்சீங்களா, அக்கா?"

"நான்தான். ஒரிஜினல் கப்பல்ல வந்துச்சு. பெட்டிக்குள்ள தண்ணி பூந்து, பெயிண்டு எல்லாம் உரிஞ்சு போச்சு. நாலு நாள்ல கண்காட்சி தொறக்கணும். எங்க முதலாளிகிட்ட வந்து கெஞ்சுனாங்க. அவரு என்னைக் கைகாட்டிட்டாரு. ஸ்டூடியோவுக்கு நான்தானே எல்லாத் திரையும் வரையிறது. தோட்டம், மாடிப்படி, தாஜ்மகால். நிலாவும் வரைன்னுட்டாரு."

"எதைப் பாத்து வரஞ்சீங்க?"

"போஸ்ட்கார்டு சைஸ்ல ஒரு போட்டோ குடுத்தாங்க. கறுப்பு வெள்ளை. ஆளு ரெண்டு பேரு நல்லாத் தெரிஞ்சாங்க. தரை சரியாத் தெரியல. பின்னால பழைய ஈயலம்பம் இருந்துச்சு பாருங்க, ஈயம் தோண்டுன சுரங்கம், அதை மூடிட்டு மணலைக் கொட்டி வச்சிருந்தானுங்க, மலை மலையா. காலை வெயில்ல அங்க போய் உக்காந்தேன். ஒரு வாளியக் கவுத்து வச்சு நிழல் எப்பிடி விழுதுன்னு பாத்தேன். அதான் அந்தத் தரை."

நிலவின் தரையை இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தின் தரையில்தான் கால் புதையும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அது ஏன் என்று அன்று தெரிந்தது.

"பூமில நம்ம நாட்டை வச்சிருக்கீங்களே?"

அவர் சற்று வெட்கப்பட்டார். "போட்டோல பூமி பட்டாணி மாதிரி இருந்துச்சு, ஒண்ணும் புரியல. பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட உலக உருண்டை வாங்கித் திருப்பிப் பாத்தேன். எந்தப் பக்கம் வரையிறதுன்னு யாரும் சொல்லல. நாம இருக்கிற பக்கத்தைப் போட்டேன். தப்பா, மிஸ்?"

தப்பில்லை என்றேன். கீழ்மூலை எழுத்துகளைக் காட்டியபோது மட்டும் அவர் முகம் மாறியது. "இது யாரு?" என்று கேட்டார்.

என் கையில் இப்போது உண்மை இருந்தது. அதை எழுதினால் நல்லையா சாரின் கையெழுத்து பொய்யாகும். எனக்குத் தொழில் தந்தவர். எழுதாவிட்டால், துணி காயப்போடும் அந்தக் கைகளுக்குப் பெயரே கிடையாது. இரண்டு நாள் அறிக்கையைத் தொடாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் நல்லையா சார் வீட்டுக்குப் போனேன்.

என் குறிப்புகளை முழுவதும் படித்தார். "மேல்" என்ற சொல்லின் புகைப்படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தீபாவளிக் கூட்டம், பிள்ளை. கடை நிரம்பச் சனம். மகாலிங்கம் கழட்ட வேண்டாம் எண்டார். நானும் கழட்டச் சொல்லேல்லை."

"கூட்டம்னா யாரா இருந்தாலும் அப்பிடித்தான் சார்."

"கூட்டம் இல்லை, பிள்ளை. கூட்டத்துக்காக நான் ஆருக்கும் விட்டுக் குடுத்ததில்லை. எங்கடை ஊரிலை அப்படி ஒரு படம் இருக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. அண்டைக்கு நான் முகத்தை மட்டும் பார்த்திட்டன்."

"உங்க பேர் வராமலே எழுதலாம், சார். முந்தைய மதிப்பீடுன்னு மட்டும் போட்டாப் போதும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிழை விட்டது நான்தானே? உம்மடை அறிக்கையிலை என்ரை பேர் இல்லாட்டி அது ரெண்டாவது பிழை." ஒரு தாள் கேட்டார். பின்பக்கத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டதாகவும், அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாகவும் தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்ததும், "வடிவா வரைஞ்சிருக்கிறா, என்ன?" என்றார்.

"ரொம்ப நல்லா வரஞ்சிருக்காங்க, சார்."

"அதையும் எழுதும். மதிப்பீடு எண்டால் அதுதானே."

மகாலிங்கம் என் அறிக்கையையும் நல்லையா சாரின் கடிதத்தையும் என் எதிரிலேயே படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத்தன வருசம் வரவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லிட்டேனே, மிஸ். ஸ்டூடியோ திரையவா நான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?" என்றார். எழுந்து உள்ளே போனவர் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. மூன்று வாரம் பேச்சே இல்லை. அறிக்கையைக் கிழித்துப் போட்டிருப்பார் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"மிஸ், நான் சுங்கை வே போயிட்டு வந்தேன்."

"அவங்களைத் திட்டினீங்களா, அங்கிள்?"

"திட்டத்தான் லா போனேன். ஏமாத்திட்டாங்கன்னு. அந்தம்மா என்னை அந்தப் பழைய லம்பத்துப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. பாதி இடத்துல வீடு கட்டிட்டான். ஒரு மூலையில மணல் அப்பிடியே கெடக்கு. இங்கதான் உக்காந்தேன்னாங்க. நான் பாத்தேன், மிஸ். என் படம்! அச்சு அசலா என் படம்!" என்று கத்தினார். "என் கடையிலேருந்து எவ்வளவு தூரம், சொல்லுங்க? நான் அமெரிக்காவைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அறிவியல் கூடத்துக்கு இது பிடிக்கவில்லை. மற்ற நாற்பத்திரண்டும் போதும், பெரியது வேண்டாம் என்றார்கள். பிரதிக்கு நுழைவுக்கூடத்தில் சுவர் கொடுக்க முடியாதாம். பிரதி இல்லை என்று நான் ஒரு பக்கம் எழுதினேன்: ஆட்கள் நின்ற விதம் இன்னொருவருடையது, தரையும் நிழலும் பூமியும் இவருடையவை. மகாலிங்கம் ஒரே வரி எழுதினார்: அது இல்லையென்றால் மற்றவையும் இல்லை. இரண்டு மாதம் இழுபறி. கடைசியில் நுழைவுக்கூடத்தில் இல்லாமல், மாடிப்படித் திருப்பத்தில் ஓர் இடம் தந்தார்கள். ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் அந்தப் பொய் எழுத்துகளைப் பஞ்சும் திரவமும் கொண்டு ஒரு காலைப் பொழுதில் எடுத்துவிட்டார். அடியில் ரெஜினாவின் மணல் அப்படியே இருந்தது. பக்கத்தில் சிறிய பித்தளைத் தகடு: ரெஜினா, சுங்கை வே.

திறப்பு நாளன்று மகாலிங்கம் புதுச் சட்டையில் வந்தார். படியேறிப் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னார். நாலு நாளில் வரைந்த படம், அவர் கதையில் மதியத்துக்குள் மூன்று நாளில் வரைந்ததாகிவிட்டது. நல்லையா சாரை நான் டாக்சியில் கூட்டிவந்தேன். ரெஜினா அக்கா பச்சைப் பட்டுச்சேலையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நல்லையா சார் அவர் முன் நின்று, "அம்மா, உங்கடை படத்திலை வேறை ஒருத்தர்ரை பேரை எழுதிக் குடுத்தவன் நான்" என்றார். ரெஜினா அக்கா, "பரவால்லங்க ஐயா, மாடிப்படி வழுக்குது, பாத்து நில்லுங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கேமரா கொண்டுபோயிருந்தேன். மூவரையும் படத்தின் முன் நிற்கச் சொன்னேன். அவ்வளவுதான், ரெஜினா அக்கா வேறு ஆளாகிவிட்டார்.

"அண்ணே, வயித்தை உள்ள இழுங்க. ஐயா, தாடையக் கொஞ்சம் இறக்குங்க. இல்ல, இவ்வளவு வேணாம். ஆங், அப்பிடி. ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, நடுவுல பூமி தெரியட்டும்."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அக்கா, நீங்களும் போய் நில்லுங்க."

"நானா?" சிரித்தார். "எத்தனை கல்யாண ஜோடி, எத்தனை பிள்ளைங்களை நிக்க வச்சிருக்கேன். நான் வரஞ்ச திரைக்கு முன்னால நான் நின்னதே இல்ல, மிஸ்."

போய் நடுவில் நின்றார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். தோளை நிமிர்த்தினார். நான் மூன்று எண்ணினேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் அவர் தலை தானாகத் திரும்பிவிட்டது.

அந்தப் புகைப்படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. இரண்டு கிழவர்கள் சொன்னபடி தாடையை இறக்கி, வயிற்றை உள்ளிழுத்து, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நிற்கும் பெண் மட்டும் நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.